காலமும் கலமும்: 'ஃபஸ்டி' என்னும் சொல்லின் வாடை

ஆலிவ் எண்ணெயைச் சுவைத்துத் தரம் சொல்பவர்களின் கண்ணுக்கு எண்ணெயின் நிறம் தெரியக் கூடாது. அதற்காகவே அடர்நீலக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே ஒரு சில்லால் மூடி, 28 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இதமாகச் சூடாக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு குழுவில் 8 முதல் 12 பேர். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதபடி இடையில் தடுப்புகள். சில்லை விலக்கி முகர்கிறார்கள். ஒரு மிடறு வாயில் வைத்துக் காற்றோடு உறிஞ்சிப் பார்க்கிறார்கள். பிறகு படிவத்தை நிரப்புகிறார்கள். படிவத்தில் குறைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. அங்கே நிற்கும் சொற்களில் ஒன்று 'ஃபஸ்டி'. அந்தக் குறை இருக்கிறது என்று குழு முடிவுக்கு வந்துவிட்டால், 'எக்ஸ்ட்ரா விர்ஜின்' என்ற முதல்தரப் பெயர் அந்த எண்ணெய்க்குக் கிடையாது.

இதே சொல்லை ஆங்கிலேயர் வேறோர் இடத்திலும் வைத்திருக்கிறார்கள். நெடுநாள் திறக்காத அறை ஃபஸ்டி. அந்த அறையிலேயே வாழ்நாளைக் கழித்த பேராசிரியர் ஃபஸ்டி. அவருடைய கருத்தும் ஃபஸ்டி. அகராதிகள் இரண்டு பொருளையும் அடுத்தடுத்துத் தருகின்றன: புழுங்கிய வாடை வீசுவது, பழம்போக்கானது. இரண்டையும் இணைப்பது எது என்று கேட்டால், பழையது நாறும், அதனால் நாற்றத்தின் பெயரே பழமையின் பெயரும் ஆயிற்று என்று சொல்லிவிடத் தோன்றும். சொல்லின் வரலாறு இந்த எளிய விடைக்கு இடம் கொடுப்பதில்லை. ஃபஸ்டி பிறந்தபோது அது வயதைக் குறிக்கவில்லை. ஒரு கலத்தின் குற்றத்தைக் குறித்தது. காலத்தின் மேல் நாம் சுமத்தும் பழிகளில் எத்தனை உண்மையில் கலத்தைச் சேர்ந்தவை என்று யோசிக்க வைக்கும் சொல் அது.

தடியும் பீப்பாயும்

தொடக்கத்தில் இருப்பது ஒரு தடி. லத்தீனில் 'ஃபுஸ்டிஸ்' என்றால் கம்பு, கழி, அடிக்கும் தடி. ரோமானியப் படையில் காவல் நேரத்தில் கடமை தவறிய வீரனுக்குத் தரப்பட்ட தண்டனைக்கு 'ஃபுஸ்டுவாரியம்' என்று பெயர். கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் அதை விவரித்திருக்கிறார். படை அதிகாரி குற்றவாளியைத் தடியால் லேசாகத் தொடுவார். உடனே பாசறையில் இருப்போர் எல்லோரும் தடியும் கல்லுமாக அவன்மேல் பாய்வார்கள். தடியால் அடிப்பதைக் குறிக்கும் 'ஃபஸ்டிகேட்' என்ற ஆங்கில வினைச்சொல் இந்தத் தடியின் நேர் வாரிசு.

அடிக்கும் தடிக்கும் அறையின் வாடைக்கும் இடையே பாலம் போட்டது பிரான்ஸ். இன்று பிரான்ஸ் இருக்கும் நிலத்தில் பேச்சு லத்தீன் மெல்லப் பிரெஞ்சாக உருமாறியபோது, ஃபுஸ்டிஸ் 'ஃபுஸ்ட்' என்று தேய்ந்தது. தேயத் தேயப் பொருள் விரிந்தது. தடி என்பது மரம், அடிமரம், மரக்கட்டை என்றாகி, கடைசியில் மரத்தால் செய்த பீப்பாய் என்றும் ஆயிற்று. நடுவிலிருந்த 'ஸ்' ஒலி விழுந்து, இன்றைய பிரெஞ்சில் அது 'ஃப்யூ'. உயிரெழுத்தின் தலைமேல் உள்ள சிறு கூரைக்குறி அந்த ஒலி இருந்த இடத்தை இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. பீப்பாய், தூணின் நடுத்தண்டு, மேளத்தின் கட்டை எல்லாமே பிரெஞ்சுக்காரர்களுக்கு ஃப்யூதான். நெடுமரங்கள் ஓங்கி நிற்கும் காட்டுக்கு அவர்கள் வைத்திருக்கும் 'ஃப்யூத்தே' என்ற பெயரும் இதே குடும்பம்.

மரத்தின் பெயர் பீப்பாய்க்குப் போனதற்கு நிலமும் ஒரு காரணம். மத்தியதரைக் கடல் ஓரத்தில் வாழ்ந்த ரோமானியர் ஒயினைச் சுட்ட மண் சாடிகளில் வைத்தார்கள். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து மக்கள் மரக்கலத்தில் வைத்து வளையம் பூட்டுகிறார்கள் என்று முதல் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி குறித்துவைத்தார். வட இத்தாலியில் வீடுகளைவிடப் பெரிய மரத்தொட்டிகள் உண்டு என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ வியந்தார். அடுத்த சில நூற்றாண்டுகளில் மரப்பீப்பாய் மண் சாடியைப் பின்னுக்குத் தள்ளியது. உடையாது, உருட்டலாம், கப்பலில் அடுக்கலாம். (தமிழில் நாம் சொல்லும் பீப்பாயும் கப்பலில் வந்ததுதான். போர்ச்சுகீசியரின் 'பிப்பா' அது.)

பீப்பாயும் வாடையும்

இங்கிலாந்துக்கு இந்தச் சொல் ஒயினோடு வந்தது. 1152இல் அக்விடெய்ன் கோமகள் எலினோர், அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் மன்னனாகப்போகும் ஹென்றியை மணந்தாள். பிரான்சின் தென்மேற்கில் உள்ள கேஸ்கனி நிலம் அந்த மணத்தோடு ஆங்கில அரசுக்கு வந்தது. 1453 வரை அந்த உறவு நீடித்தது. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நல்ல விளைச்சல் உள்ள ஆண்டுகளில் கேஸ்கனியிலிருந்து ஏறத்தாழ 1 லட்சம் 'டன்' ஒயின் கப்பலேறியது. டன் என்பது அந்நாளில் எடை அல்ல. அது 252 கேலன் கொள்ளும் பெரும் பீப்பாயின் பெயர். ஒரு கப்பல் எத்தனை டன் சுமக்கும் என்ற கணக்கே பிற்காலத்தில் கப்பலின் கொள்ளளவுக்குப் பெயராயிற்று.

கண்ணாடிப் புட்டியும் கார்க் அடைப்பும் பரவாத காலம் அது. ஒயினின் வாழ்வு முழுதும் பீப்பாய்க்குள்தான். பீப்பாய் நன்றாக இருந்தால் ஒயினும் நன்றாக இருக்கும். காலியான பீப்பாயின் பலகைகளில் ஈரம் தங்கி, வாய் மூடி, மூலையில் கிடந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அதில் புது ஒயினை ஊற்றினாலும் பூஞ்சையின் வாடை ஏறிவிடும். இன்றும் ஒயின் செய்பவர்கள் காலிப் பீப்பாயை அப்படியே மூடி வைப்பதில்லை. உள்ளே கந்தகம் எரித்துப் பூஞ்சையைத் தடுக்கிறார்கள்.

இப்படிப் பீப்பாயின் வாடை ஏறிய ஒயினைப் பழைய பிரெஞ்சில் 'ஃபுஸ்டே' என்றார்கள். பீப்பாய் அடித்தது என்பது அதன் நேர்ப்பொருள். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கில எழுத்தில் ஃபஸ்டி தலைகாட்டுகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஒயின் அதே ஆண்டின் புது ஒயினாக இருக்கலாம். நேற்றுப் பிழிந்ததும் ஃபஸ்டியாகலாம். குற்றம் முழுதும் கலத்தின் மேல். காற்றுப் படாமல், புழக்கம் இல்லாமல் மூடிக் கிடந்ததுதான் அந்தக் கலம் செய்த பிழை.

ஒயினிலிருந்து இந்தச் சொல் தானியத்துக்கும் ரொட்டிக்கும் கொட்டைகளுக்கும் பரவியது. பூஞ்சை பிடித்தது எதுவானாலும் ஃபஸ்டி என்றார்கள். பீப்பாய் பார்வையிலிருந்து மறைந்தது. வாடை மட்டும் நின்றது.

மேடையில் ஏறிய வாடை

பொருளிலிருந்து மனிதனுக்கு இந்தச் சொல் தாவியதை ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் கண்ணால் பார்க்கலாம். 1609இல் அச்சான 'ட்ராய்லஸ் அண்ட் கிரெசிடா'வில் இது இரண்டு முறை வருகிறது. தெர்சைட்டீஸ் என்ற கிரேக்கன் தன் பக்கத்து வீரர்களின் மூளையை, பருப்பில்லாத ஃபஸ்டி கொட்டைக்கு ஒப்பிட்டு ஏசுகிறான். அங்கே பூஞ்சை பிடித்த கொட்டை இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. இன்னோரிடத்தில், தலைவர்களைப் போல நடித்துக்காட்டும் மலிவான கேலிக்கூத்தை யுலிசீஸ் என்ற கிரேக்கத் தலைவன் அதே சொல்லால் இகழ்கிறான். அங்கே கொட்டையும் இல்லை, பீப்பாயும் இல்லை. பேச்சும் நடிப்புமே நாறத் தொடங்கிவிட்டன. இன்று நாம் 'புளித்துப்போன நகைச்சுவை' என்று சொல்வதற்கு ஒப்பான இடம் அது.

'ஹாம்லெட்'டில் சொல் இன்னும் ஆழத்துக்குப் போகிறது. நான்காம் அங்கத்தில், போருக்குப் போகும் அயல்படையைப் பார்த்துவிட்டு ஹாம்லெட் தனியே பேசுகிறான். கடவுள் மனிதனுக்குக் கொடுத்த அறிவு பயன்படாமல் உள்ளேயே பூஞ்சை பூத்துக் கிடப்பதற்கா என்பது அவன் கேள்வி. அங்கே 'ஃபஸ்ட்' வினைச்சொல்லாக வருகிறது. இந்தத் தனிமொழி 1604-05இல் வந்த இரண்டாம் குவார்ட்டோ பதிப்பில் இருக்கிறது. 1623இன் ஃபோலியோ பெரும் பதிப்பில் இல்லை. அந்தச் சிறு பதிப்பு தப்பிப் பிழைக்காமல் போயிருந்தால், ஃபஸ்டியின் வரலாற்றில் மிகச் செறிவான இந்த இடத்தை நாம் இழந்திருப்போம். ஹாம்லெட் தன் அறிவைப் பழையது என்று குறை சொல்லவில்லை. அவன் இளைஞன். அறிவு மூடிக் கிடக்கிறது, புழங்கவில்லை என்பதே அவன் வேதனை. தலையைப் பீப்பாயாகக் கண்ட பார்வை இது. கேஸ்கனியின் பழைய பொருள் ஒரு துளியும் சிந்தாமல் இதில் இருக்கிறது.

அதே நாடகாசிரியர் 'கோரியலேனஸ்' நாடகத்தில் சொல்லின் கொடிய முகத்தையும் காட்டுகிறார். போர்த் தளபதி காமினியஸ் வாயில் ரோமின் எளிய மக்கள் ஃபஸ்டி ஆகிறார்கள். அதற்கு முன்பே, நாடகத்தின் முதல் காட்சியில், மார்ஷியஸ் என்ற பிரபு அவர்களை 'மஸ்டி' என்ற இணைச்சொல்லால் வேண்டாத மிகுதி என்று தள்ளியிருக்கிறான். அதே காட்சியில் அந்த மக்கள் ஏன் கிளர்ந்தெழுந்தார்கள்? பசி. பிரபுக்களின் களஞ்சியங்களில் தானியம் பிதுங்குகிறது, எங்களுக்கு இல்லை என்று ஒரு குடிமகன் முறையிடுகிறான். 1607இல் இங்கிலாந்தின் மிட்லண்ட்ஸ் பகுதியில், பொதுநிலங்கள் வேலியிட்டு வளைக்கப்பட்டதை எதிர்த்து உழவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். அதற்குச் சற்றுப் பின் எழுதப்பட்டதாகக் கருதப்படும் நாடகம் இது. பூட்டிய களஞ்சியம் யாரிடம் இருந்ததோ, பூஞ்சை பிடிக்கும் தானியமும் அவரிடமே இருந்தது. வாடைச் சொல்லோ வயிறு காய்ந்தவன் மேல் விழுந்தது. மணத்தை வைத்து மனிதரை ஒதுக்கும் பேச்சு எந்த மொழியில் வந்தாலும் இந்த இடமாற்றத்தைத்தான் செய்கிறது. கலத்தைப் பூட்டியவனைத் தப்பவிட்டுவிட்டு, வெளியே நிற்பவன் மேல் நாற்றத்தை ஏற்றுகிறது.

புகழ் பழியான கதை

ஃபஸ்டியின் பக்கத்து வீட்டுச் சொற்களைப் பார்த்தால், பழையது கெட்டது என்ற சமன்பாடு எவ்வளவு பிந்தியது என்று புரியும். இன்று ஆங்கிலத்தில் கெட்டுப்போன உணவுக்கும் சலித்துப்போன செய்திக்கும் பொதுவான சொல் 'ஸ்டேல்'. இதன் அடிப்பொருள் நிலைத்து நின்றது என்பது. ஒரே இடத்தில் நின்றதால் கசடு அடியில் தங்கி, மேலே தெளிந்த ஏல் மதுவுக்கு அந்தப் பெயர். தெளிவும் வலிமையும் அதன் குணம். அது அன்று புகழ்ச்சொல்.

14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய 'கேன்டர்பரி கதைகள்' இதற்குச் சான்று. அதில் ஓரிடத்தில் ஏல் மது இரண்டு வகையாகச் சொல்லப்படுகிறது: 'மாய்ஸ்ட்', 'ஸ்டேல்'. முன்னது புதியது, பின்னது நாட்பட்டது. எதுவானாலும் ஜாதிக்காய் போடலாம் என்று பேச்சு வருகிறது. இன்று ஈரம் என்று மட்டுமே பொருள்படும் மாய்ஸ்ட், சாசரிடம் புதுமையின் பெயர். பாத் நகரத்துப் பெண்ணின் புதுச் செருப்புக்கும் அதையே அவர் அடைமொழியாக்குகிறார். வேறோரிடத்தில் விடுதிக்காரன் 'மாய்ஸ்ட் அண்ட் கார்னி' ஏல் வேண்டும் என்கிறான். தானியத்தின் சுவை ஏறிய புது மது என்று அதற்குப் பொருள்.

இந்த மூன்று சொற்களுக்கும் பின்னாளில் நேர்ந்ததைப் பாருங்கள். மாய்ஸ்ட்டின் திரிபாகத் தோன்றியிருக்கக் கூடிய 'மஸ்டி', பூஞ்சை வாடையின் பெயராயிற்று. ஸ்டேல் ரொட்டிக்குப் போனதும் காய்ந்து கெட்டதைக் குறித்தது. கார்னி 1930களில் அமெரிக்க ஜாஸ் இசைக்காரர்கள் வாயில் பட்டிக்காட்டுத்தனமான, காலம் கடந்த உருக்கத்தைக் குறிக்கும் ஏளனமாயிற்று. புதியதைக் குறித்த சொல்லும் நாட்பட்டதைக் குறித்த சொல்லும் ஒரே குழியில் போய் விழுந்தன.

மதுவில் மட்டும் ஸ்டேல் நெடுங்காலம் மதிப்போடு நின்றது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் புது பீருக்கு 'மைல்ட்' என்று பெயர், மாதக்கணக்கில் வைத்துப் பதமாக்கியதற்கு ஸ்டேல். ஸ்டேல் பீருக்குத்தான் விலை அதிகம். கறுப்பு நிற போர்ட்டர் பீரைப் பதப்படுத்துவதற்காக மதுவாலைகள் மாளிகை போன்ற மரத்தொட்டிகளைக் கட்டின. 1814 அக்டோபர் 17 அன்று லண்டனின் டாட்டன்ஹாம் கோர்ட் சாலையருகே ஓர் ஆலையில் 22 அடி உயரத் தொட்டி வெடித்தது. பீர் வெள்ளம் தெருவில் புகுந்து 8 பேர் இறந்தார்கள். நாட்பட்ட சுவைக்கு அந்த நகரம் எவ்வளவு பெரிய கலங்களைக் கட்டியது என்பதற்கு அந்தத் துயரமும் ஒரு சாட்சி. 19ஆம் நூற்றாண்டில் மக்களின் நாக்கு மாறியது. இளம் பீரைக் கேட்டார்கள். ஸ்டேல் தன் கடைசி மதிப்பையும் இழந்தது.

ஒயினின் கதை இதற்கு நேரெதிர். கேஸ்கனிப் பீப்பாய்க் காலத்தில் ஓராண்டு தாண்டிய ஒயின் மலிவு. 17ஆம் நூற்றாண்டில் கனத்த கண்ணாடிப் புட்டியும் இறுக்கமான கார்க் அடைப்பும் வந்த பிறகு, வயது ஏற ஏற விலை ஏறியது. காலம் அதே காலம். பீருக்கு அது இழிவையும் ஒயினுக்கு உயர்வையும் தந்ததென்றால், முடிவு செய்தது காலம் என்று எப்படிச் சொல்வது? ஒன்றில் நாக்கு மாறியது, மற்றதில் கலம் மாறியது.

மூக்கு கண்டதும் வேதியியல் கண்டதும்

1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள், கார்க் வாடை அடிக்கும் ஒயினில் முதன்மைக் குற்றவாளியைப் பிடித்தார்கள். அதன் பெயர் ட்ரைகுளோரோஅனிசோல். மரத்திலோ கார்க்கிலோ உள்ள குளோரோஃபீனால் சேர்மங்களைப் பூஞ்சைகள் உருமாற்றும்போது இது உண்டாகிறது. ஒரு லிட்டரில் சில நானோகிராம் இருந்தாலே பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

2013இல் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் இன்னொரு குணத்தைக் காட்டினார்கள். இந்த மூலக்கூறு வாடை தருவதோடு நிற்பதில்லை. முகரும் செல்களில் மணச்செய்தியைக் கடத்தும் வாயில்களை அடைக்கவும் செய்கிறது. மிக மிகச் சிறிய அளவிலும் அந்த அடைப்பு நிகழ்கிறது. இந்த வாடை ஏறிய ஒயினில் பழத்தின் மணமும் பூவின் மணமும் மங்கிப்போவதற்கு இது விளக்கம் தருகிறது. மூடிக் கிடந்ததால் பிறந்த பொருள், தான் தொட்டவரின் மூக்கையும் மூடுகிறது. பழம்போக்கான மனம் என்று ஆங்கிலம் எதை ஃபஸ்டி என்கிறதோ, அதன் இயல்பும் இதுவே. புதிதாக வருவது எதையும் அதனால் முகர முடிவதில்லை.

ஆலிவ் எண்ணெய்ப் படிவத்தில் இருக்கும் ஃபஸ்டியும் இதற்கு நெருங்கிய உறவு. பறித்த ஆலிவ் காய்களை உடனே ஆட்டாமல் மூட்டையிலோ குவியலிலோ வைத்தால், அடியில் காற்றுப் புகாமல் வெந்து நொதிக்கும். அந்த நொதிப்பின் வாடை எண்ணெயில் ஏறும். சர்வதேச ஆலிவ் குழு இந்தக் குறைக்கு ஒவ்வொரு மொழியிலும் ஒரு பெயர் வைத்திருக்கிறது. ஸ்பானியப் பெயர், குவித்து வைக்கும் பத்தாயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இத்தாலியர் சூடேறியது என்கிறார்கள். பிரெஞ்சுப் பெயர் 'ஷோமே'. வேலையின்றிச் சும்மா கிடந்தது என்று பொருள். ஹாம்லெட்டின் வேதனையும் எண்ணெய்ச் செக்குக்காரரின் அனுபவமும் இந்த ஒரு பிரெஞ்சுச் சொல்லில் சந்திக்கின்றன.

தமிழில் எப்படிச் சொல்வது?

கெட்டுப்போனதற்குத் தமிழில் சொல் பஞ்சமில்லை. சோறு ஊசிப்போகும், எண்ணெய் காறிப்போகும், முறுக்கு நமத்துப்போகும், மாவு புளித்துப்போகும், நெல் மக்கிப்போகும். பொருளுக்கேற்ற கேடு, கேட்டுக்கேற்ற சொல். ஆனால் ஃபஸ்டி என்ற அடைமொழி ஒரு மனிதர் மேல் வந்து உட்காரும்போது, மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் 'பத்தாம்பசலி'யை எடுக்கிறார். பசலி என்பது முகலாயர் காலத்திலிருந்து வரும் வருவாய்க் கணக்கு ஆண்டு. தமிழ்நாட்டு வருவாய்த் துறை இன்றும் ஜூலை 1இல் தொடங்கும் பசலி ஆண்டை வைத்தே கிராமக் கணக்கை முடிக்கிறது. பத்தாம் பசலியில் நின்றுவிட்டவர் என்றால் காலண்டரில் பின்தங்கியவர். குற்றம் காலத்தின் மேல் போகிறது. பழம்போக்கு என்ற கருத்தை இந்தச் சொல் சரியாகவே தருகிறது. ஃபஸ்டியின் கலம் மட்டும் அதில் காணாமல் போகிறது.

நெருங்கிய சொல் நம் பத்தாயத்திலேயே இருக்கிறது. ஈரத்தோடு அடைத்த நெல் மக்கும், மக்கல் வாடை வீசும். படிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையையும் நாம் 'மக்கு' என்கிறோம். தானியத்துக்கும் அறிவுக்கும் ஒரே ஒலியில் நம் காதில் விழும் இந்தச் சொல், ஹாம்லெட்டின் வினைச்சொல்லுக்கு மிக அருகில் நிற்கிறது. அதே பத்தாயத்தில் நன்றாகக் காய்ந்து இருந்த பழைய அரிசிக்கு நம் சமையலறைகளில் தனி மதிப்பு உண்டு என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். பழைய அரிசியையும் மக்கிய அரிசியையும் நம் வீட்டுப் பெண்கள் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை. கையில் அள்ளி முகர்ந்ததுமே அவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, ஒரு கருத்தையோ கலையையோ வழக்கத்தையோ ஃபஸ்டி என்று ஒதுக்குவதற்கு முன் அதன் வயதைக் கேட்பது போதாது. அது புழங்குகிறதா, அதற்குக் காற்று வருகிறதா என்று கேட்க வேண்டும். ஆயிரம் ஆண்டுப் பாட்டு இன்றும் ஒருவர் தொண்டையில் புரண்டுகொண்டிருந்தால் அதில் வாடை இருக்காது. நேற்று எழுதி யாரும் கேள்வி கேட்கக் கூடாதென்று பூட்டிவைத்த கொள்கை இன்றைக்கே மக்கத் தொடங்கியிருக்கும்.

மத்தியதரைக் கடல் ஓரங்களில் பல நூறு ஆண்டு வயதான ஆலிவ் மரங்கள் இன்னும் காய்க்கின்றன. அந்தக் காயை அன்றே பறித்து அன்றே ஆட்டினால், நீலக் கிண்ணத்தை முகர்பவர்கள் படிவத்தில் ஃபஸ்டி என்ற இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். பக்கத்தில் போன தலைமுறை நட்ட இளமரம். அதன் காய் சில நாள் மூட்டையில் கட்டுண்டு கிடந்தால் போதும், முதல் முகர்விலேயே அந்த இடத்தில் கோடு விழுகிறது. மரத்தின் வயதைக் கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை.